நான்காம் இயலில் நல்லகாமன்

நல்லகாமனைப் பற்றிச் சொல்லு என்றால் முதலில் அவனை நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். இருபத்தொன்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் ஒருத்தன் அரசியல் பேச, இன்னொருத்தன் கேட்டுக்கொண்டே இருந்தால், கேட்டவனுக்கு அந்த உரிமைகூடவா கிடையாது?

நான் முகைதீன் பிச்சை. பைண்டிங் போடுகிறவன். வீடு மதுரைக்குள் காஜிமார் தெருப் பக்கம். தினமும் காலையில் பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டைக்கு வந்துவிடுவேன். பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் என்பதால் ஆய்வேடு டைப் அடிக்கவும் பைண்டிங் போடவும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்கான கடைகளில் ஒன்று 'தேசம் டைப்பிங் சென்டர்'. பலகையில் உள்ள தேசம் நல்லகாமனுடையது. பலகைக்குக் கீழே கம்பியில் தொங்கும் 'இங்கு பைண்டிங் செய்யப்படும்' மட்டும் என்னுடையது. வாடிக்கையாளர் முன்னால் என்னை 'பாய்' என்பான். ஆள் இல்லாவிட்டால் 'மாப்ள'. நானும் அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவேன்.

அவன் பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே. அப்பாவுக்கு வெங்காயமும் பருத்தியும். இவன் தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். அந்தக் காலத்தில் அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அரசாங்க ஆபீசுக்குள் நுழைந்துவிடலாம். பரீட்சை ஃபாரத்தை அப்பாவே வாங்கிவந்து கொடுத்தார். இவன் நிரப்ப மாட்டேன் என்றுவிட்டான். காரணம் கேட்டதற்கு, "அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு நானே சொல்லிக்கிட்டு, நானே போயி அதுல ஒரு ஆளா ஒக்காந்தா எப்புடிப்பா?" என்றானாம். அப்பா விளக்குமாற்றை எடுத்தார். இவன் அங்கிருந்து ஓடி வந்த ஓட்டம்தான் நாகமலை புதுக்கோட்டையில் வந்து நின்றது.

தன்னைப் பழமைவாதி என்று அவனே சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் வசவாகச் சொல்வதை இவன் பட்டம்போலச் சொல்வான். "பழமைவாதின்னா பழசக் கட்டிக்கிட்டு அழறவன் இல்ல மாப்ள. புதுசா ஒண்ணு வந்தா, நீ யாரு எந்த ஊருன்னு கேட்டுட்டு உள்ள விடறவன்" என்பான். சாராயத்தை அரசாங்கமே விற்பது அவனுக்கு ஆகாது. உண்டியல் போட்டவன் ஒருத்தன், சாவி வைத்திருப்பவன் இன்னொருத்தனா என்று கோயில் நிர்வாகத்தைப் பற்றிக் கேட்பான். எல்லையில் காவல் கெட்டியாக இருக்க வேண்டும், வீட்டில் பெரியவன் சொல் எடுபட வேண்டும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையில் பிரம்பு இருக்க வேண்டும். இதில் பாதிக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. மீதிப் பாதியை வெளியில் ஒப்புக்கொண்டால் அன்றைக்கு வேலை நடக்காது என்பதால் அதற்கும் வாயைத் திறப்பதில்லை.

இலவசம் என்றால் அவனுக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. ரேஷன் கார்டுக்கு மிக்ஸி கொடுத்த வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனான். வாங்கிக்கொள்ள ஃபாரம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனான். மூன்றாம் தடவை கிளம்பும்போது அவன் மனைவி மீனா வாசலை மறித்து, "மிக்ஸி போச்சுன்னா பின்னாடியே நானும் போறேன்" என்றாள். அதோடு மிக்ஸி வீட்டில் தங்கிவிட்டது. அது ஓடுகிறபோதெல்லாம் இவன் தெருவில் போய் நின்றுகொள்வான்.

டெல்லியில் அவனுக்குப் பிடித்தவர்கள் ஜெயித்தபோது ஊரில் லட்டு கொடுத்தார்கள். இவன் மறுநாளே, 'ஜெயித்தவர்கள் ரயில் நேரத்தை மாற்றாமல் இருந்தாலே போதும்' என்று எழுதினான். அந்தக் கட்சிக்காரர்கள் கடைக்கே வந்து, அண்ணே எங்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க என்றார்கள். "போன தடவ சொன்னத இந்தத் தடவ ஏன் மாத்துறீங்க?" என்று கேட்டு அவர்களையும் அனுப்பிவைத்தான். எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ளாத ஆளாக இருப்பது சுலபம் இல்லை. இவன் தன் பக்கத்து ஆட்களாலேயே சேர்த்துக்கொள்ள முடியாதவன்.

எழுதினான் என்றேன் இல்லையா, அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் விடிகாலையில் கடையைத் திறந்து ஒரு தாள் அடிப்பான். பெயர் 'நல்லகாமன் நோக்கு'. முன்பக்கம் சென்னை, பின்பக்கம் டெல்லி. ஐம்பது காப்பி ஓட்டி, ஒச்சாயி டீக்கடை பெஞ்சில் கொஞ்சம், பஸ் ஸ்டாப்பில் கல்லை வைத்துக் கொஞ்சம், ரேஷன் கடை ஜன்னலில் கொஞ்சம் வைத்துவிட்டு வருவான். அதையும் ஆய்வேடு அடிக்கிற மாதிரியே அடிப்பான். இரட்டை இடைவெளி, இடது ஓரம் ஒன்றரை அங்குலம், கீழே நடுவில் பக்க எண். வேறு மாதிரி அடிக்க அந்தக் கைக்குத் தெரியாது. படிக்கிறவர்கள்? பெஞ்ச் ஈரமாக இருந்தால் அதை விரித்து உட்கார்வார்கள். பஸ்சில் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பார்கள். அவன் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் நல்லதாக முப்பது தாளைப் பொறுக்கி, கட்டுரையாகக் கோத்து, ஐந்து காப்பி எடுத்து ஐந்து பத்திரிகைகளுக்கு அனுப்புவான். ஒன்றுகூட அச்சில் வந்ததில்லை.

போன வருஷம் அந்த ஐந்து காப்பியை அவன் கோத்த அதே நாள்தான் பாண்டீஸ்வரியின் ஆய்வேடும் பைண்டிங்குக்கு வந்தது. அந்தப் பிள்ளை கொட்டாம்பட்டிக்காரி. முப்பத்தொரு வயசு. ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் தற்காலிக விரிவுரையாளர். பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அல்ல, ஆறு மணி நேரம் பஸ்சில் போக வேண்டிய வேறொன்றில். பெயர் வேண்டாம். தலைப்பு, 'மதுரைச் சமவெளியில் நாட்டுக்கோழி: வழக்காறுகளும் நம்பிக்கைகளும்'. எட்டு வருஷம் ஊர் ஊராக நடந்து, கோழி வளர்க்கிற பொம்பளைகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது.

எங்கள் கடையில் ஒவ்வொரு இயலுக்கும் ஒரு கலர் சீட்டு. ஐந்து காப்பியையும் அடுக்கி மேலே சீட்டை வைத்து என் மேசைக்குத் தள்ளுவான். நான்காம் இயலுக்கு மஞ்சள். இழுப்பறையில் மிச்சம் இருந்ததும் மஞ்சள்தான் என்று தன் கட்டுரைகளின் மேலும் அதையே வைத்திருக்கிறான் அந்த மகாபாவி. நான் மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது பாய் என்று அந்தப் பிள்ளை நிற்க, மஞ்சளை எடுத்தேன், வைத்தேன், தைத்தேன். அவன் மத்திய பட்ஜெட்டைத் திட்டிக்கொண்டே இன்னொரு மஞ்சளை எடுத்து ஐந்து கவரில் போட்டு ஒட்டினான். காலிகோ துணி ஒட்டிய அட்டை, தங்க எழுத்து. ஆய்வேடு போனது. கவர்களும் போயின.

எட்டு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு புதன்கிழமை காலையில் கடை போனுக்கு யாரோ கூப்பிட்டு, "ஐயா, எங்க சேவல் வெள்ளையா கழியுது, என்ன குடுக்க?" என்றார்.

"நான் அரசியல் விமர்சகருங்க" என்றான் நல்லகாமன்.

"அது இருக்கட்டும்யா, சேவலுக்கு என்ன குடுக்க?"

அடுத்தடுத்து மூன்று போன். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம். பதினோரு மணிக்குப் பாண்டீஸ்வரி கடைக்குள் புயலாக வந்தாள். ஒரு கையில் விவசாய வார இதழ். இன்னொரு கையில் நான் போட்ட பைண்டிங்.

"எண்ணே, ஒங்களப் போயி நேர்மையான மனுசன்னு நெனச்சேனே. என் நாலாவது இயலத் திருடி ஒங்க பேர்ல போட்டுக்கிட்டீங்களே!"

இதழை மேசையில் விரித்தாள். 'கோழி நோய்களுக்குக் கைமருந்து. எழுதியவர்: நல்லகாமன், நாட்டுக்கோழி வல்லுநர், நாகமலை புதுக்கோட்டை'. கீழே கடை போன் நம்பர். இவன் அனுப்பிய கவரில் அரசியல் கட்டுரைக்குப் பதில் கோழி இருப்பதைப் பார்த்த ஒரு பத்திரிகை, அதைத் தங்களுடைய விவசாய இதழுக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. இருபத்தொன்பது வருஷத்தில் நல்லகாமன் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது கோழிக்காக.

"இது என்னோடதுன்னு காட்டட்டுமா?" என்று பாண்டீஸ்வரி ஆய்வேட்டைத் திறந்தாள். எட்டு மாசத்தில் அதை யாரும் திறந்ததில்லை. அவளுடைய அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அந்தப் பிள்ளை நான்காம் இயலை விரித்துச் சத்தமாக வாசித்தாள்.

"அரசு என்பது பெரியப்பாவைப் போல இருக்க வேண்டும். வந்தால் எழுந்து நிற்போம். சண்டை என்றால் தீர்த்துவைக்கட்டும். களவு போனால் தேடித் தரட்டும். ஆனால் அடுக்களைக்குள் வந்து உலைமூடியைத் திறந்து பார்க்கக் கூடாது..."

நிறுத்தினாள். எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் பசை டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். யா ரப்பே, தைத்தது இந்தக் கைதானே.

அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதது. விஷயம் இதுதான். ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்கள் ரெண்டு பேர். ஒருத்தர், 'நான்காம் இயலின் புள்ளிவிவரப் பகுப்பாய்வு பாராட்டுக்குரியது' என்று எழுதி அனுப்பிவிட்டார். அதில் ஒரு புள்ளியும் கிடையாது, விவரமும் கிடையாது. இன்னொருத்தர் சூரியபிரகாஷ் என்ற பேராசிரியர். அவர் மட்டும், 'நான்காம் இயல் குறித்து நேரில் விளக்கம் பெற விரும்புகிறேன்' என்று எழுதியிருந்தார். கைமருந்தைப் பற்றித்தான் கேட்பார் என்று இவள் நினைத்திருக்கிறாள். சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. அதில் தேறி இந்த மாசக் கடைசிக்குள் முனைவர் என்று காகிதம் காட்டினால் அதே கல்லூரியில் நிரந்தர வேலை. இயல் மாறிப்போச்சு என்று சொன்னால் ஆய்வேட்டைத் திருப்பிவிடுவார்கள். மறுபடி கொடுத்து வர ஒரு வருஷம். வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நல்லகாமன் எழுந்து சட்டையைச் சரிசெய்தான். "நான் போயி உள்ளதச் சொல்லிர்றேன். தப்பு எங்க மேசையில நடந்தது."

"டேய், ஒனக்கென்ன, சொல்லிட்டு வந்துருவ. அந்தப் பிள்ள எட்டு வருசம் கோழி பின்னாடி ஓடியிருக்குடா" என்றேன்.

"இம்புட்டு நாளா ஊருக்கே எழுதியிருக்கேன் மாப்ள, தப்புப் பண்ணவன் தானாப் போயி ஒத்துக்கிறணும்னு. இப்ப எனக்குன்னு வரயில வாய மூடவா?"

பாண்டீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சொல்லுங்கண்ணே. நல்லாச் சொல்லுங்க. அப்படியே கொட்டாம்பட்டிக்கு வந்து எங்கம்மாகிட்டயும் சொல்லிருங்க. இல்லன்னா ஒங்க நோக்கை எனக்கு வரிக்கு வரி வெளக்குங்க. அவரு எதக் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்த ரெண்டு நாளை என்னவென்று சொல்வேன்! அவன் எழுதியதை ஒருத்தர் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தது அதுதான் முதல் தடவை. வரிக்கு வரி கேள்வி. பக்கத்துக்குப் பக்கம் சண்டை. "இது தப்பு", "இதுக்கு என்ன ஆதாரம்", "பொம்பளைகளப் பத்தி ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலண்ணே" என்று அந்தப் பிள்ளை கிழிக்கக் கிழிக்க இவன் முகம் ஒளிர்ந்துகொண்டே போனது. கடைக்கு வந்த ஆட்களையெல்லாம் நாளைக்கு வா என்றான். கோழிக்காரர்களின் போனை என்னிடம் தள்ளிவிட்டான். நான் இதழைப் பார்த்துப் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுங்க என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, அவள் வேலை பார்க்கிற கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். அதனால் நாங்களும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். நல்லகாமன் சட்டைப்பையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தான். உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பஸ்சில் வரும்போதெல்லாம் கெஞ்சினேன். "பாப்போம்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை அவன் வாயில் இருந்து வரவில்லை.

சூரியபிரகாஷ் ஒல்லியான மனிதர். ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் காகிதம் செருகி வைத்திருந்தார். மற்றவர்கள் பாதித் தூக்கத்தில் இருக்க, அவர் நேராக நான்காம் இயலுக்கு வந்தார்.

"அரசு பெரியப்பா மாதிரி இருக்கணும்னு எழுதியிருக்கீங்க. இதுக்கும் நாட்டுக்கோழிக்கும் என்னம்மா தொடர்பு?"

"இருக்குங்கய்யா" என்றாள் பாண்டீஸ்வரி. "பொம்பளைகளுக்கு அரசாங்கம் இலவசமாக் கோழிக்குஞ்சு குடுத்துச்சு. அதப் பத்திச் சனங்க என்ன நெனைக்கிறாங்கன்னு கேட்டேன். இது ஒரு தகவலாளரோட பழமைவாத நோக்கு. அவரு பேசுனத அப்படியே தந்திருக்கேன். எனக்கு இதுல ஒப்புதல் இல்ல. உலையில அரிசி இருக்குற வீட்டுல பெரியப்பா அடுக்களைக்கு வர வேணாம், சரி. அரிசியே இல்லாத வீட்டுல அவரு வந்து மூடியத் திறந்து பாத்தாத்தானய்யா தெரியும்?"

கூடத்தில் ரெண்டு பேர் கண் விழித்தார்கள். சூரியபிரகாஷ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"தகவலாளர் பட்டியல்ல இந்த ஆள் பேர் இல்லையே. உண்மையிலேயே இப்படி ஒருத்தர் இருக்காரா? இல்ல, எங்கேயிருந்தாவது எடுத்துப் போட்டதா? நேராச் சொல்லுங்க. இதைப் பொறுத்துத்தான் என் முடிவு."

பாண்டீஸ்வரி எங்கள் பக்கம் பார்த்தாள். நான் ஓதத் தொடங்கிவிட்டேன். நல்லகாமன் எழுந்தான். கை சட்டைப்பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"நாந்தேங்க அது."

"இதை எழுதினது நீங்களா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவன் இருபத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தான். வரிக்கு வரி படித்த ஒரு பேராசிரியர், கூடம் நிறைய ஆள் இருக்க, எழுதினது நீங்களா என்கிறார்.

"எழுதலைங்க" என்றான். "பேசுனேன். எழுதுனது அந்தப் பிள்ள."

"கோழி வளர்க்கிறீங்களா?"

"வளக்குறேங்க."

"எத்தனை?"

"ஒரு சேவல், மூணு பெட்ட."

அவன் வீட்டில் ஒரு இறகுகூடக் கிடையாது.

சூரியபிரகாஷ் ஆய்வேட்டை மூடினார். "இந்தக் கருத்துகள்ல ஒண்ணுகூட எனக்கு ஒப்புதல் இல்ல. ஆனா இந்த நடை இருக்கு பாருங்க! ஒருத்தர் பேசினதை இப்படி எழுத்துல கொண்டுவர ஒரு கை வேணும். அந்தக் கை உங்களுக்கு இருக்கும்மா. இந்த ஆய்வேட்டிலேயே சிறந்த இயல் இதுதான்." எல்லாரும் கை தட்டினார்கள். நல்லகாமனும் தட்டினான். அவன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார்கள். இருந்திருக்கக் கூடாது. மறுபடியும் இவன் எழுந்தான்.

"அந்தப் பிள்ள சொன்ன அரிசிக் கதையில ஒரு ஓட்ட இருக்குங்க. பெரியப்பா அடுக்களைக்கு வரட்டும். அரிசியும் குடுக்கட்டும். குடுத்துட்டு, அரிசிப் பையில தன் படத்த ஒட்டிட்டுப் போகலாமா?"

"படத்தக் கிழிச்சுப் போட்டுட்டுச் சோறு பொங்கிக்கிறலாம்ணே. பசிக்குப் படம் தெரியாது" என்றாள் பாண்டீஸ்வரி.

அப்புறம் இருபது நிமிஷம் ரெண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். கூடமே எழுந்து உட்கார்ந்தது. சென்னை, டெல்லி, கோயில், சாராயம், ரயில் என்று எதையும் விடவில்லை. தகவலாளரே எழுந்து ஆய்வாளரை மறுக்கிற தேர்வை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சூரியபிரகாஷ் மேசையைத் தட்டிச் சிரித்தார். பாண்டீஸ்வரி தேறிவிட்டதாக அங்கேயே அறிவித்தார். பல்கலைக்கழகத்தின் காகிதம் பத்து நாளில் வந்துவிடும். கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். நான் ரெண்டு தட்டுச் சாப்பிட்டேன். நல்லகாமன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மேலூரில் இறங்கு என்றான். எதற்கு என்று கேட்பதற்குள் சந்தைப் பக்கம் நடந்துவிட்டான். ஒரு சேவல், மூன்று பெட்டை. காலைக் கட்டிக் கூடையில் வைத்து பஸ்சில் ஏறினோம்.

"வளக்குறேன்னு சொல்லிட்டேன்ல. அது பொய்யாகக் கூடாது" என்றான்.

"சொன்னது பதினொரு மணிக்கு. வாங்குனது மூணு மணிக்கு."

"நாலு மணி நேரப் பொய்யிதான மாப்ள. அது நேராயிருச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்கே, அத எந்தச் சந்தையில போயி வாங்க?"

கோழிதான் கொக்கரித்தது.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை நான் வந்து இறங்கியபோது அவன் தாள்களை வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பியிருந்தான். பஸ் ஸ்டாப்பில் கல்லுக்கு அடியில் இருந்த தாள்கட்டின் மேல் பெரிய எழுத்துத் தலைப்பு கண்ணில் பட்டது. 'இன்று சென்னையும் இல்லை, டெல்லியும் இல்லை. நேற்று முன்தினம் நான் ஓர் அவையில் பொய் சொன்னேன்.'

எனக்கு உயிரே போய்விட்டது. பாதகா! காகிதம் வர இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இந்தத் தாள் ஒன்று அந்தக் கல்லூரிக்காரன் கையில் கிடைத்தால் பாண்டீஸ்வரி முடிந்தாள். கட்டை அப்படியே பைக்குள் திணித்தேன். ரேஷன் கடைக்கு ஓடினேன். ஜன்னலில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒருத்தர் மட்டும் ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தார். கேட்டதும் எழுத்துப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல் கொடுத்துவிட்டார். டீக்கடைக்கு ஓடினேன். பெஞ்சில் ஈரத்துக்கு விரித்தது போக மீதி மூலையில் கிடந்தது. உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். ஐம்பதும் இருந்தது.

முதலில் நெஞ்சு நிறைய நிம்மதி. தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் அது கோபமாகிவிட்டது. அட அல்லா, ஒருத்தன்கூடவா? ஒரு மனுஷன் தன்னைத்தானே நடுத்தெருவில் நிறுத்திக்கொண்டிருக்கிறான், அதைக்கூட ஒருத்தன் குனிந்து பார்க்க மாட்டானா? யார்மேல் என்று தெரியாமல் அழுகையாக வந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நான் அதைப் படித்தேன். இத்தனை வருஷத்தில் அவனுடைய தாளை முன்னும் பின்னும் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். தன் எழுத்தைத் தன்னுடையது அல்ல என்று சொன்ன நிமிஷத்தை எழுதியிருந்தான். அந்தப் பெண்ணின் எட்டு வருஷத்தை எழுதியிருந்தான். தவறு எங்கள் மேசையில் நடந்தது, அவள்மீது ஒரு சொல் விழக் கூடாது, தண்டனை எனக்கே வரட்டும் என்று எழுதியிருந்தான்.

கடையில் அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். யாராவது வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று காத்திருக்கிறான். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. சேவல் நோய் கேட்டு ஒரே ஒரு போன் வந்தது.

"மாப்ள, வர்ற வழியில யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றான்.

"எல்லாரும் படிச்சாக" என்றேன். வாய் தானாக ஓடியது. "பஸ் ஸ்டாப்புல அதே பேச்சு. ஒச்சாயிகூடப் படிச்சிட்டு, நல்ல மனுசன், போனாப் போகுதுன்னு சொல்லுச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். புடைத்துக்கொண்டிருந்த என் பையைப் பார்த்தான்.

"ஒச்சாயிக்கு எழுத்துத் தெரியாதே மாப்ள."

நான் தையல் ஊசியை எடுத்தேன், வைத்தேன். "நீ படிச்சியா?" என்றான்.

"படிச்சேன்."

"எப்புடி இருந்துச்சு?"

நல்லா இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவனிடம் அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மூணாவது பாரா நீளம்" என்றேன்.

நாற்காலி சர்ரென்று திரும்பியது. "நீளமா? என்னடா நீளம்? அத வெட்டுனா நாலாவது பாரா எதுல நிக்கும்?" கண்ணில் தண்ணீர் நிற்க, தாளைப் பிடுங்க என் பைமேல் பாய்ந்தான்.

"நாலாவதே வேணாங்கிறேன். சொன்னதையே சொல்லியிருக்க."

"எங்க சொல்லியிருக்கேன்? காட்டு, காட்டுடா!"

காட்டினேன். மூன்றாவது பாராவுக்காக ரெண்டு பேரும் தொண்டை கிழியச் சண்டை போட்டோம். மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த மீனா தூக்குவாளியோடு வாசலிலேயே நின்று, "பாயும் கெட்டுப் போயாச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.